மேடைக்குக் கீழே

மைக்ரோஸ்கோப் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" பரீட்சையிலும் அந்தக் கணக்குக்குத்தான் மார்க்: ஐபீஸ் 10, ஆப்ஜெக்டிவ் 40, பெருக்கினால் 400. படம் வரைந்து பாகம் குறிக்கையில், ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழே தொங்கி ஒளியைக் குவிக்கும் கன்டென்சர் ஒரு சின்னக் கட்டத்தோடு முடிந்துவிடும். ஆய்வகத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் லேசாக வழித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து, சாயமில்லாமல் பார்க்கச் சொன்னால் மாணவர்கள் முதலில் வெளிச்சத்தை முழுக்கத் திறந்துவிடுவார்கள். வெள்ளை வட்டம்தான் தெரியும். "ஸ்லைடுல ஒண்ணுமே இல்ல சார்." கன்டென்சருக்கு அடியில் ஒளித்துளையைச் சுருக்கும் ஐரிஸ் பிடியை மெல்ல நகர்த்தி மூடினால், ஒன்றுமில்லாத அந்த இடத்திலேயே ஓரம் மடிந்த தட்டைச் செல்கள், நடுவில் புள்ளியாக உட்கரு. அதே ஸ்லைடு, அதே லென்ஸ். ரொம்ப மூடினாலும் வம்பு. விளிம்பெல்லாம் தடித்துத் தூசிகூடக் கிருமி வேஷம் போடும்.

சாயமேற்றிய மலேரியா இரத்த ஸ்மியருக்கு நேர்மாறு. 100 லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் இடையே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். காற்று இருந்தால் கண்ணாடியிலிருந்து சாய்வாக வரும் ஒளி லென்ஸுக்குள் நுழையாமல் விலகிப் போகும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.515, ஏறக்குறைய கண்ணாடியேதான். கன்டென்சரை மேலே ஏற்றி, ஐரிஸைத் திறந்து, ஃபோகஸின் சின்னத் திருகை மட்டும் நூலளவு திருப்பினால், சிவப்பணுவுக்குள் சிவப்புக் கல் வைத்த நீல மோதிரமாக ஒட்டுண்ணி தெரியும். இந்த நிலையில் பெரிய திருகைத் தொட்டால் ஸ்லைடு உடையும்.

ஜெர்மனியின் யேனா நகரில் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே லென்ஸுக்குள் நுழையும் இந்த ஒளிக்கு 1873இலேயே கணக்குப் போட்டுவிட்டார். எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பது ஒளியின் அலைநீளத்தையும், லென்ஸ் வாங்கிக்கொள்ளும் ஒளிக்கூம்பின் அகலத்தையும் பொறுத்தது. சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பில் சுமார் 0.2 மைக்ரோமீட்டரோடு சரி. அதற்குமேல் மடங்கைக் கூட்டினால் மங்கல்தான் பெரிதாகும்.

ஆகவே, "2000 மடங்கு" என்று விற்பனையாளர் வாய் ஓயாமல் சொல்லும்போது, ஆப்ஜெக்டிவின் உடம்பில் 100க்குப் பக்கத்தில் பொறித்த, அந்த ஒளிக்கூம்பின் அகலத்தைச் சொல்லும் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 1.25 என்றிருந்தால், உருப்படியான பெரிதாக்கம் ஏறத்தாழ 1250 மடங்கோடு நின்றுவிடும். மிச்சம் விளம்பரம். ஐரிஸ் பிடி இறுக்கமில்லாமல் நகர்கிறதா என்றும் கடையிலேயே தள்ளிப் பார்த்துவிடுங்கள்.