பல்கலைக்கழகம் அழைக்கும் வரை

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவன் வீட்டிலே ஒரு விசித்திரப் பிராணி. அவன் பாடசாலைக்கும் உரியவன் அல்லன். பல்கலைக்கழகத்துக்கும் உரியவன் அல்லன். பரீட்சைக்கும் பல்கலைக்கழக நுழைவுக்கும் இடையே ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் கழிந்துவிடுவது நம் நாட்டிற் புதுமையன்று. பதின்மூன்று ஆண்டுகள் மணியோசைக்கு எழுந்து நடந்த உடம்பு, மணி அடிக்காத நாளை என்ன செய்வதென்று அறியாது திகைக்கின்றது.

நாமும் இப்பொழுது அந்நிலையிலேதான் இருக்கின்றோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு அண்மையில் எமது ஊர். காலையில் வாசிகசாலைக்குப் போகின்றோம். முதற்பக்கம் முடிந்து, விளையாட்டுப் பக்கம் முடிந்து, மரண அறிவித்தல்களும் முடிந்து, கேள்வி கோரல் விளம்பரங்களையும் ஒன்றுவிடாமல் வாசித்தபின் நிமிர்ந்து பார்த்தால் மணி பத்துத்தான் ஆகியிருக்கும். திரும்பும் வழியிலே படலையடியில் நிற்கும் பெரியவர், "என்ன தம்பி, சர்வகலாசாலைக்கு இன்னும் கூப்பிடேல்லையோ?" என்பார். நேற்றும் அவர் அதையே கேட்டார். நாளையும் கேட்பார்.

உண்மையில் பல்கலைக்கழகம் எமது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவிலே, 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. அதுவே 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் வாயிலைக் கடந்தே சிறு வயது முதல் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்திருக்கின்றோம். ஆயினும் வெட்டுப்புள்ளி எம்மை மாத்தறைக்கோ, பெலிகுல் ஓயாவுக்கோ, வந்தாறுமூலைக்கோ அனுப்பிவிடலாம். கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் நூறு இடங்களுக்கு நாற்பது அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து மாவட்டங்களின் சனத்தொகைக்கும், எஞ்சிய ஐந்து வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் என்று பங்கிடப்படுகின்றன. அம்மா இக்கணக்கை அறியார். "வீட்டிலயிருந்து சோறு கட்டிக்கொண்டு போய்வரலாம்" என்பதே அவருடைய கணக்கு. தூரத்து ஊரொன்று கிடைத்தாலும் பாதகமில்லை என்று எமக்குள்ளே ஓர் ஆசை உண்டு. அதை அவரிடம் சொல்லத் துணிவில்லை.

சென்ற கிழமை ஒரு நாள், சோம்பல் பொறுக்க முடியாமல், உடன் படித்த நண்பர் ஒருவருடன் துவிச்சக்கரவண்டியில் நிலாவரைக்குப் புறப்பட்டோம். கோப்பாய் கழிந்து நீர்வேலி வந்ததும் வாழைத் தோட்டங்களின் குளிர்ச்சி முகத்தில் வந்து படும். செம்மண்ணும் பச்சை இலையும் அருகருகே நிற்கும் அழகு வேறெங்கும் உண்டோ, நாம் அறியோம். அப்பால் புத்தூர்ப் பக்கமாகப் போனால் நிலாவரைக் கிணறு.

கிணறென்று அதனைச் சொல்வது பழக்கத்தினாலேதான். நிலம் இடிந்து வாய் பிளந்தாற் போன்ற பெரும் பாறைக் குழி அது. படிகளில் இறங்கி நின்று பார்த்தால் நீலமும் பச்சையும் கலந்த நீர் அசைவின்றிக் கிடக்கின்றது. வானரப் படையின் தாகம் தீர்க்க இராமபிரான் அம்பு ஊன்றிய இடம் என்பது ஊர்க்கதை. இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்பது மற்றொரு கதை. எலுமிச்சம்பழம் கைவசம் இல்லாமையால் எமது ஆராய்ச்சி தடைப்பட்டது.

கதை கிடக்கட்டும், காரணம் அதனினும் வியப்பானது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் பெய்யும் மழையே சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கிப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகையும் குழியுமாக ஆக்கித் தங்குகின்றது. நன்னீர் உப்பு நீரினும் பாரங் குறைந்தது. ஆதலால் நிலத்தின் கீழே கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நிலாவரையிலும் மேலே உள்ளது நன்னீர், ஆழத்தில் உள்ளது உவர்நீர். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நூல்கள் கூறும் கணக்கு. மறுபுறத்தில், மேலே ஓரடி குறையுமாயின் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறிவிடும். புத்தகத்தில் மனனஞ் செய்தபோது இது வெறும் எண்ணாகவே இருந்தது. அப்படியில் நின்றபோதோ, எமது வளவுக் கிணறும் ஐயாவின் தோட்டக் கிணறும் கண்முன் வந்தன. நண்பரும் நெடுநேரம் பேசவில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது ஐயாவிடம் இந்த நாற்பதடிக் கணக்கைச் சொன்னோம். அவர் வியக்கவில்லை. கோடையில் நீண்ட நேரம் இறைத்தால் தண்ணீரின் சுவை மாறுவதை நாக்கினால் அறிந்தவர் அவர். "அதாலதான் விட்டு விட்டு இறைக்கிறது" என்றார். பின்பு, "நாளைக்கு வெங்காயத்துக்கு இறைப்பு. வாறியோ?" என்று கேட்டார். படிக்கிற பிள்ளை என்று இதுவரை எம்மை அவர் தோட்டத்துக்கு அழைத்ததேயில்லை.

விடியுமுன் போனோம். இயந்திரம் இறைக்க, வாய்க்காலில் வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிடுவது எமது வேலை. ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். பார்ப்பதற்கு எளிது, ஆனால் நீர் எவருக்காகவும் காத்திராது. கணுக்கால் வரை செம்மண். கிழக்கு வெளுத்தபோது இடுப்பு நொந்தது. சோம்பல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இறைப்பு முடிந்ததும் ஐயா வரம்பில் அமர்ந்து தேநீர் குடித்தார். பெறுபேற்றைப் பற்றியோ பல்கலைக்கழகத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் கேட்கவில்லை. தோட்டத்தை ஒருமுறை நெடுகப் பார்த்துவிட்டு, "அடுத்தமுறை வெங்காயம் வைக்கேக்கை தண்ணி மாற ஒராளைப் பிடிக்கவேணும்" என்றார்.