சிலமலைத் தோப்பில் ஒரு ஹெரால்டு... 17 வளைவுகளுக்குத் தயாரான கதை!

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது சிலமலை. வலது கைப்பக்கம் மலை கூடவே வரும். தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நடுநடுவே இலவ மரங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்கள். அங்கே விளையும் காய் இறங்கி வந்து போடியில் ஏலம் போகிறது. ஏலத்துக்கே ஏலம் நடக்கும் ஊர்!

காயோ, ஆளோ, மலையிலிருந்து எது இறங்கினாலும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். விடியும் முன்பே தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் சாயங்காலம் அதே வளைவுகளில் திரும்பி வரும். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கம் டீக்கடையில்கூட பிரேக் பற்றிப் பேசுகிறார்கள்.

சிலமலைத் தோப்பு ஒன்றில், தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம சென்னையில் 1961-லிருந்து தயாரான கார். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. இதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரை டிரையம்ப் கொண்டுவந்தது. ஆக, ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணன் எனலாம். சோழவரம் பந்தயத்திலும் ஓடியிருக்கிறது.

ஆனால் இந்தக் கார் மலை ஏறியதே இல்லை. உரிமையாளரின் அப்பா போட்ட தடை அது. ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதியவர், பல வருஷம் ஜீப்பில் போய் வந்தவர். "தரையில எவ்வளவு வேணா ஓட்டு. மேட்டுக்கு மட்டும் இதைக் கொண்டு போகாதே" என்பது அவர் உத்தரவு.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். நாலு பேரோடு ஹெரால்டின் எடை 1,100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை பிரேக்கால் மட்டுமே பிடித்துப் பிடித்து இறக்கினால் உண்டாகும் வெப்பத்தில், சுமார் 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அத்தனையையும் நாலு சக்கரங்கள் தாங்க வேண்டும்.

பழைய டிரம் பிரேக்கில் ஷூ உள்ளிருந்து வெளியே விரிந்து டிரம்மை அழுத்தும். சூடேறினால் டிரம்மும் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும். லைனிங்கும் பிடிமானம் இழக்கும். டிஸ்க்கில் அப்படியில்லை. திறந்த காற்றில் சுழலும் தட்டை இரண்டு பக்கமும் பேடு கவ்வுகிறது. தட்டு சூட்டில் விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும். சீக்கிரம் ஆறியும்விடும்.

பிரிட்டனில் ஹெரால்டுக்கே 1961 முதல் கூடுதல் காசுக்கு முன் டிஸ்க் கிடைத்தது. ஸ்பிட்ஃபயரின் முன் டிஸ்க்கும் காலிபரும் இதற்குப் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரின் பெட்டியில் அவை சிலமலை வந்து சேர்ந்தன. துணிமணியைவிட இரும்புதான் அதிகம் இருந்ததாம்!

வேலை செய்தது மூன்று நண்பர்கள். ஒருவர் போடியில் தோட்ட ஜீப்புகளுக்கு பிரேக் வேலை பார்ப்பவர், ஒருவர் லேத் பட்டறைக்காரர், மூன்றாமவர் மாங்காய் வியாபாரி. ஹெரால்டில் ஒரு வசதி, பானட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுக்க, மட்கார்டோடு சேர்ந்து கவிழ்ந்துவிடும். சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சாவகாசமாக வேலை பார்க்கலாம்.

டிஸ்க் மாட்டியதோடு வேலை முடிந்துவிடாது. டிரம்மைவிட டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டும், காலிபருக்கு ஆயிலும் அதிகம் வேண்டும். அதனால் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினார்கள். பழையது நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கே ஓட்டை விழுந்தாலும் மொத்தமும் போச்சு. புதியதில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு லைன். என்னைக் கேட்டால் டிஸ்க்கைவிடப் பெரிய மாற்றம் இதுதான். பின் டிரம் அப்படியே இருக்கிறது, வீல் சிலிண்டர் மட்டும் புதுசு.

பிரேக் ஆயிலில் ஜீப் மெக்கானிக் கறார். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சிவிட்டால் இந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. "ஆயில் கொதிச்சா உள்ள குமிழ் வரும் தம்பி. குமிழை மிதிச்சா வண்டி நிக்குமா? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்" என்றார்.

ஏர் எடுக்கும் வேலைக்கு ஒரு ஆள் போதாது. மாங்காய் வியாபாரி பெடலில், மெக்கானிக் சக்கரத்துக்குக் கீழே. "மாப்ளே, மிதி... பிடி... பிடிச்சிக்கோ... இப்ப விடு." பஞ்சாக அமுங்கிய பெடல் கல்லாக மாறும்வரை இதே பாட்டு. இருட்டிவிட்டது.

இதைப் படித்துவிட்டு உடனே ஸ்பேனரை எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. முதலில் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் வேலை தெரிந்த ஒருவராவது கூட இருக்கட்டும்.

ஒரு வாரம் போடி, தேவாரம் என்று தரையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு காலை அப்பா தானாகவே வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். ஏறும்போது எதுவும் பேசவில்லை. போடிமெட்டில் பனிமூட்டம். டீ குடித்துவிட்டுத் திரும்பியதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஏறுன கியர்லயே இறங்குப்பா."

இரண்டாவது கியரில் இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக். எதிரே லாரி வந்தால் ஒதுங்கி நின்றோம். புலியூத்து தாண்டியதும் அப்பா கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினார். லைனிங் கருகுகிறதா என்று பார்க்கிறாராம். ஜீப் காலத்துப் பழக்கம்.

முந்தலில் நிறுத்தினோம். வாடை இல்லை, பெடல் காலையில் இருந்த உயரத்திலேயே இருந்தது. நண்பர்கள் சக்கரங்களைச் சுற்றி வந்தார்கள். வலது பின் டிரம்மில் மட்டும் லேசாக ஓர் உரசல் சத்தம். அட்ஜஸ்ட்மென்ட் கொஞ்சம் டைட்டாகிவிட்டது என்றார் மெக்கானிக். அடுத்த ஞாயிறு கழற்றிப் பார்க்கிறார்கள்.