அரைப்பேர்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் நோக்கிச் செல்லும் வீதியை அறிந்தவர்களுக்கு அதன் வளைவுகளை விவரிக்கத் தேவையில்லை. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரிவர்ஸ்டன் உச்சியோ 1,400 மீற்றரைத் தாண்டியது. மிளகுக் கொடிகளும் தேயிலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தங்க, நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடும் காற்றும் வந்து சேரும். இந்த வீதியில் வாகனத்தில் போகிறவர்கள் அநேகர். 57 வயதில், காற்சட்டையும் சப்பாத்துமாக அதில் ஓடிப் போக முனைந்தவர்களில் நானும் ஒருவன்.

நான் ஓடத் தொடங்கியது 48ஆவது வயதில். பத்திரிகை ஆசிரியபீடத்தில் இரவுக் கடமை பார்த்தவர்களுக்கு அதன் கூலி என்னவென்று தெரியும். நள்ளிரவுக்குப் பின் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும். அதன் பிறகு கொத்துரொட்டியும் தேநீரும். இருபத்தைந்து ஆண்டுகள் அப்படிக் கழிந்தபின், இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த வைத்தியர், "உங்கள் தகப்பனார் எத்தனை வயதில் காலமானார்?" என்று மட்டும் கேட்டார். 59 என்றேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நடக்கத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் அது ஓட்டமாயிற்று.

சென்ற ஆண்டு, முழு மரதன் ஒன்றை, அதாவது 42.195 கிலோமீற்றரை, 58 வயது நிறையுமுன் ஓடி முடிப்பதென்று தீர்மானித்தேன். தகப்பனாரின் 59ஐ எண்ணித்தான் அந்தக் கணக்கு. பதினாறு வாரங்களுக்குப் பயிற்சி அட்டவணை ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பதினோராவது வாரத்தில், "ரிவர்ஸ்டன் ஏற்றம், நிற்காமல்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

அந்த வாரம் நான் சரியாக உறங்கவில்லை. கடமை முடிந்து நான்கு மணிநேரத் தூக்கம். விழித்ததும் நாடியை எண்ணுவது என் வழக்கம். வழமையாக நிமிடத்துக்கு 58 இருக்கும். அன்று 70. கால்களில் ஈயம் வார்த்தாற்போல ஒரு பாரம். அட்டவணையோ சுவரிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. புறப்பட்டுவிட்டேன்.

இறத்தோட்டைக்கு அப்பால், பம்பரகிரி எல்ல அருவியைக் கடந்து, சிறு கடையொன்றின் அருகே வாகனத்தை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கினேன். முதற்பத்து நிமிடங்கள் எப்போதும் கடினமானவை. அவற்றைப் பொறுத்துக்கொண்டால் உடம்பு இணங்கிவிடும் என்பது அனுபவம். அன்று இருபது நிமிடம் கழிந்தும் இணங்கவில்லை. முப்பதாவது நிமிடத்தில், தேயிலைச் சரிவொன்றின் வளைவில், கால் இரண்டும் நின்றன. நான் நிறுத்தவில்லை, அவையாகவே நின்றன. வீதியோரக் கட்டில் அமர்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

பெரட்டுக்களத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், கொழுந்துக் கூடையோடு என்னெதிரே நின்றார்.

"என்னா தம்பி, யாராச்சும் தொரத்திக்கிட்டு வாராங்களா?"

"இல்லைங்கம்மா. பயிற்சிக்கு ஓடுறேன். ஏலாமப் போச்சு."

"ஏலாட்டி உக்காருங்க. எங்களுக்குன்னா அரப்பேரு போட்டுருவாங்க. ஒங்களுக்கு யாரு போடப்போறா?"

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் வெகுநேரம் எழவில்லை.

அரைப்பேர் என்ற சொல்லை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில், குறித்த கிலோ கொழுந்து பறிக்காதவருக்கு அன்று அரைநாட் சம்பளமே பதியப்படும். அதுதான் அரைப்பேர். நான் பிறந்தது இதே மாவட்டத்தின் லயமொன்றில். காய்ச்சலிலும் மழையிலும் என் தாய் மலையேறியிருக்கிறார். மாலையில் வந்து வாசற்படியில் அமர்ந்து, கால்களைத் தொடவும் விடமாட்டார். "ஏம்மா, இன்னைக்கு நின்னிருக்கலாமே?" என்று கேட்ட சிறுவனிடம், "நின்னா அரப்பேரு" என்பார். அந்த அரைப்பேர்களைத் தவிர்த்துச் சேர்த்த காசில்தான் நான் பேராதனைப் பல்கலைக்கழகம் போய்க் கலைப்பட்டதாரியானேன். களைப்பை மீறி நடப்பது அவருக்குப் பெருமையல்ல. வேறு வழி இருக்கவில்லை. எனக்கோ வழி இருந்தது. இருந்தும், எவரும் கேளாத கங்காணி ஒருவனை நானே நியமித்து, அவனுக்கு அட்டவணை என்று பெயரும் சூட்டியிருந்தேன்.

வீடு திரும்பியபின், ஓட்டத்தைப் பற்றிப் படித்தவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். உடலின் மீது விழும் எந்த நெருக்கடிக்கும் அது முதலில் அதிர்ந்து, பின் எதிர்த்து, நெருக்கடி ஓயாவிடின் இறுதியில் சோர்ந்துவிடும் என்ற கருத்தை ஹான்ஸ் செலியே 1936இல் முன்வைக்கத் தொடங்கினார். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராயிருந்த பில் பவர்மன், கடினமான நாளுக்கு அடுத்த நாள் இலேசான நாளாக இருக்கவேண்டும் என்று தம் மாணவர்களை வற்புறுத்தினார். ஓடும்போது தசை பலம் பெறுவதில்லை, சிதைகிறது. பலம் சேர்வது உறக்கத்திலும் ஓய்விலும். இளவயதில் ஒரு நாளில் ஆறுவது ஐம்பதைக் கடந்தபின் இரண்டு மூன்று நாள் எடுக்கும். இவை எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தவை. தெரிந்திருப்பதும் கேட்பதும் வேறு வேறு.

முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1,500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். 2011இல், நூறு வயதில், ரொறன்ரோ மரதனை முடித்த பௌஜா சிங்கையும் வியந்தோம். அவரைப் பற்றி நாம் குறைவாகப் பேசும் செய்தி ஒன்றுண்டு. 2013இல் ஹொங்கொங்கில் 10 கிலோமீற்றர் ஓடியபின், போதுமென்று போட்டிகளிலிருந்து விலகினார். அதன் பின்னரும் நடந்தார். 2025 யூலையில் வீதி விபத்தொன்று அவர் உயிரைப் பறிக்கும்வரை நடந்துகொண்டிருந்தார். எங்கே நிறுத்துவதென்று அறிந்ததும் அந்த நீண்ட ஓட்டத்தின் ஒரு பகுதிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

என் வயதொத்த நண்பர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவைக்கிறேன். களைப்பு இரண்டு வகை. ஒன்று, சோம்பலின் வேடத்தில் வருவது. பத்து நிமிடம் ஓடினால் போய்விடும். மற்றது, உடம்பின் முறைப்பாடு. ஓட ஓடக் கூடும். காலை நாடி வழமையைவிட மிக உயர்ந்திருந்தால், இரவு உறக்கம் கெட்டிருந்தால், அது இரண்டாவது வகையாகவே இருக்கும். அன்று நடையோடு நிறுத்துங்கள். நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, அதைக் களைப்பு என்று அழைக்கவே வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பத்து நாட்கள் ஓடவில்லை. அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றினேன். நாடி 58க்குத் திரும்பிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் ரிவர்ஸ்டன் போனேன். ஓடியும் நடந்தும், இரண்டிடத்தில் அமர்ந்தும், தொலைத்தொடர்புக் கோபுரத்தை அடைந்தேன். அங்கே வீசும் காற்றைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆளைத் தள்ளும் காற்று அது. எத்தனை நிமிடம் எடுத்தது என்று பார்க்கக் கைக்கடிகாரத்தைத் திருப்பினேன். பிறகு, பாராமலே கையை இறக்கிக்கொண்டேன்.

மரதன் ஓடினேனா என்று கேட்பீர்கள். ஓடவில்லை. வருகிற ஆண்டு பார்க்கலாம். அதற்குள் எனக்கு 58 நிறைந்துவிடும் என்பது தெரியும். பரவாயில்லை.

இறங்கும் வழியில் அந்தத் தேயிலைச் சரிவில் அவரைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் மலையில் எவருமில்லை.