உப்புக் காற்றும் ஒரு பழைய காரும்

சென்னையைப் பார்க்க வருகிற வெளியூர் நண்பர்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கியே செல்கிறார்கள். மெரீனா, மயிலை, அடையாறு, மாமல்லபுரம் என்று அவர்களுடைய யாத்திரை முடிந்துவிடுகிறது. பாரிமுனைக்கு வடக்கேயும் ஒரு சென்னை இருக்கிறது என்பதை லாரிக்காரர்களும் மீன் வியாபாரிகளும் அறிவார்களேயன்றி, உல்லாசப் பிரயாணிகள் அறிவதில்லை. இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் வரை செல்லும் அந்தக் கடற்கரைச் சாலையை நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறோம். இதில் சிறிது சுயநலமும் உண்டு. பழைய பொருள் ஒன்றை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்ற கேள்வி நமது வீட்டில் எழுந்தபோது, அதற்கு விடை அந்தச் சாலையில்தான் கிடைத்தது.

பொருள் என்பது ஒரு மோட்டார் கார். 1961-ஆம் வருஷம் முதல் சென்னையில் செய்யப்பட்டு வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வகையைச் சேர்ந்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். இக்காலத்துக் கார்களைப் போல் அது ஒரே கூடாகச் செய்யப்பட்டதன்று. அடியில் ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் உடலைத் துண்டு துண்டாக வைத்து முடுக்கியிருப்பார்கள். கூரையும் அப்படியே. முடுக்காணிகளைக் கழற்றினால் கூரை தனியே வந்துவிடும். நமது தகப்பனார் வாங்குவதற்கு முன்பே யாரோ ஒரு ரசிகர் இரும்புக் கூரையை எடுத்துவிட்டு, மடக்கி விரிக்கும் கித்தான் கூரையைப் போட்டிருந்தார். கழற்றிய கூரையும் வண்டியுடன் கூடவே வந்து, வீட்டுக் கொல்லையில் தாழ்வாரத்தின் அடியில் தொங்கிற்று.

திறந்த கார் என்பது வெயிலுக்கு ஏங்குகிற சீமைக்காரர்களின் மோகம். நமது ஊரில் பத்து மாதம் வெயிலுக்கு அஞ்சிக் கூரையை மூட வேண்டும். மற்ற இரண்டு மாதம் மழைக்கு அஞ்சி மூட வேண்டும். மிஞ்சுவது விடியற்காலையும் மாலையுந்தான். ஆனால் அந்த மாலைகள் எப்பேர்ப்பட்டவை! துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற நமது தகப்பனார், கூரையை மடக்கிவிட்டு எண்ணூர் வரை கடலோரமாக ஓட்டிச் செல்வார். பின் ஆசனத்தில் பேத்தி நின்றுகொண்டு வருவாள். அவர் காலமான பிறகு வண்டி ஓடியதைவிட நின்றதே அதிகம்.

இந்த ஆண்டு பேத்தி கல்லூரியில் சேர வேண்டியவளானாள். கட்டணம் கட்டியாக வேண்டும். அதே சமயத்தில் வண்டியின் அடிச்சட்டமும் பேச ஆரம்பித்தது. காசிமேட்டுக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அதைத் தூக்கி நிறுத்தி, ஒரு திருப்புளியால் குத்திக் காட்டினார். திருப்புளி உள்ளே போய்விட்டது.

"வாத்தியாரே, எஞ்சின்ல உசுரு நல்லாவே இருக்குது. தகடுதான் இல்லே. கடல் காத்து தின்னுட்டுது. வைக்கிறதுன்னா சட்டத்தை மாத்தி வை. இல்லேன்னா இப்பவே குடுத்துடு. சும்மா நிறுத்தினா ரெண்டு மழைதான்" என்றார்.

சட்டத்துக்கு அடுத்தபடி சர்க்கார் சட்டம் வந்தது. கார் ஒன்றின் பதிவு முதலில் பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிக்கும் கட்டணம் 2022-இல் 5,000 ஆயிற்று. இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆயிற்று. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வேறொரு வழி திறந்தார்கள். அவற்றைத் தொன்மை வண்டிகள் என்று தனியே பதியலாம். ஆனால் சட்டம், உடல், எஞ்சின் எதிலும் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. கண்காட்சிக்கும், ஊர்வலத்துக்கும், எண்ணெய் போடவும், பழுது பார்க்கவும் தவிர, வழக்கமாகச் சாலையில் ஓட்டக் கூடாது. கூரை மாறிய நமது வண்டிக்கு அந்தக் கதவு திறக்குமா என்பது ஒரு கேள்வி. திறந்தாலும், எண்ணூர் மாலைகளுக்கு அதில் இடமில்லை.

இந்த யோசனைகளுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மகளையும் இல்லாளையும் ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் வடக்கே புறப்பட்டோம்.

முதலில் வருவது இராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பிறகு சென்ட்ரல் வந்தது, எழும்பூர் வந்தது. இராயபுரத்தின் பெருமை மங்கிற்று. ஆயினும் உயர்ந்த தூண்களுடன் கட்டடம் நிற்கிறது. 2005-இல் செப்பனிட்டார்கள். ரயில்கள் அதன் வழியே ஓடிக்கொண்டிருந்தபடியால்தான் அதைச் செப்பனிட வேண்டும் என்று யாருக்காவது தோன்றிற்று என்று நமக்குப் படுகிறது.

அங்கிருந்து வலப்புறம் துறைமுகம். 1904 முதல் அதன் தலைவராக இருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் என்பவர், மணல் சேர்ந்து தூர்ந்துகொண்டிருந்த கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புது வாயில் வகுத்துத் துறைமுகத்தைக் காப்பாற்றினார். சென்னையில் 'எம்.ஸி. 1' என்ற எண் பெற்ற கார் அவருடையதே. ஆனால் கடல் கணக்கு வேறு விதமானது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்திவிடுகிறது. தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிந்தது. வீடுகளும் தெருக்களும் போயின. இன்று நெடுகிலும் கருங்கற்களைக் குவித்து அலையைத் தடுத்திருக்கிறார்கள். அலை கல்லில் மோதித் தூவும் உப்புத் தூள் சாலையிலேயே விழுகிறது. கண்ணாடியைத் துடைத்த கைக்குட்டையை நாக்கில் வைத்தால் கரிக்கிறது. நமது காரைத் தின்ற குற்றவாளியை அன்று நேரில் கண்டோம்.

கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஊர்ந்து திருவொற்றியூர் சேர்ந்தோம். தியாகராஜப் பெருமானும் வடிவுடையம்மனும் வீற்றிருக்கும் ஸ்தலம். பட்டினத்தார் சமாதியும் கடலோரத்தில் இருக்கிறது. பக்தர்களுக்கு அவை, மோட்டார்க்காரர்களுக்கோ இங்கே இன்னொரு ஸ்தலமும் உண்டு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டாகத் தொடங்கிய புல்லட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இவ்வூரில்தான் அமைந்தது. தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்டுவிட்டது. சேயோ, அங்கே மறைந்த வண்டியை இங்கே செய்துகொண்டேயிருந்தது. 1994-இல் ஐஷர் கம்பெனியின் கைக்குப் போன பிறகு பழைய வார்ப்பிரும்பு எஞ்சினையும் விட்டுப் புதியது போட்டார்கள். பேரும் உருவமும் நிலைத்தன. பழையதைக் காப்பவர்கள் அதன் குடலை மாற்றத் துணிய வேண்டும் என்பது இங்கே விளங்கிற்று.

எண்ணூரில் கண்டது வேறு பாடம். இரகுநந்தன் சரண் என்பவர் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியை நிறுவினார். நவீனத் தொழிலில் இறங்குமாறு அவரைத் தூண்டியவர் நேரு. 1949-இல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி வெளியிட்டார்கள். புதிதாகச் சுதந்திரம் பெற்ற தேசத்துக்கு அழகிய கார் வேண்டுமா, மூட்டை சுமக்கும் லாரி வேண்டுமா? 1950-இல் லேலண்டு கம்பெனியுடன் லாரிக்கு ஒப்பந்தமாயிற்று, 1955-இல் பெயரே அசோக் லேலண்டு என்று மாறிற்று, கார் நின்றுபோயிற்று. காரைக் கைவிட்ட ஊர் என்று யாரும் எண்ணூரை ஏசுவதில்லை. தென்னாட்டு நெல்லும் சிமெண்டும் பஸ் பிரயாணிகளும் அந்த முடிவின் மேல்தான் ஏறிச் சென்றிருக்கிறார்கள்.

கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கு அருகே வண்டியை நிறுத்தினோம். 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கிய எண்ணூர் அனல் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற சாம்பலோ மூடியவுடன் மறைந்துவிடவில்லை. வலைஞர்கள் இறால் பிடித்த நீரில் சாம்பல் வண்டல் படிந்து கிடக்கிறது. பொருளைக் கைவிடும்போது எப்படிக் கைவிடுகிறோம் என்பதும் ஒரு கடமைதான்.

மகள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா, தாத்தா இதை ஓட்டத்தானே வாங்கினார்? நிறுத்தி வைக்கவா வாங்கினார்?" என்றாள்.

"கட்டணத்துக்காக விற்க வேண்டாம். அதற்கு என் வளையல் இருக்கிறது. வண்டிக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள்" என்றாள் இல்லாள். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நமக்குத் தெளிவாக யோசிக்க முடிந்தது.

வண்டிக்கு வேண்டியவை மூன்று: வறண்ட காற்று, மழை படாத கொட்டகை, வாரம் ஒரு முறையாவது அதைத் தொட்டுத் துடைக்கும் கை. இராயபுரத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கொட்டகையில்லாத வீட்டில், பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிற நாம் மூன்றில் ஒன்றையும் தர முடியாது. பழைய இரும்பு வியாபாரி எடைக்குக் கேட்டார், மறுத்துவிட்டோம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் எஞ்சினைக்கூட முதலில் பார்க்கவில்லை. தரையில் படுத்து அடிச்சட்டத்தைப் பார்த்துவிட்டு, "புதிதாகவே செய்துவிடலாம்" என்றார். அவருக்கே கொடுத்தோம். கொல்லையில் தொங்கிய இரும்புக் கூரையையும் இறக்கிக் கொடுத்தோம். தொன்மை வண்டியாகப் பதிய விரும்பினால் அது அவருக்கு உதவும். வளையல் கையிலேயே இருக்கிறது; கட்டணமும் கட்டியாயிற்று.

நேயர்கள் வீட்டிலும் இப்படி ஒரு காரோ, தறியோ, வீணையோ, தையல் இயந்திரமோ இருக்கலாம். யார் அதை உபயோகிப்பார்கள், யார் பழுது பார்ப்பார்கள், எங்கே நிற்கும் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றுக்கும் விடையிருந்தால் யார் என்ன சொன்னாலும் விற்காதீர்கள். இல்லையென்றால், அது முழுதும் கெடுவதற்கு முன், விடையுள்ளவர் கையில் சேர்த்துவிடுங்கள்.

வட சென்னையைப் பார்க்கக் கார் வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் திருவொற்றியூரும் எண்ணூரும் வருகின்றன. மாலையில் போங்கள், ஒரு கைக்குட்டை மட்டும் கொண்டு செல்லுங்கள்.