நாளுக்கு நாலு கட்டம்

கச்சான் காற்றை எழுதுவது சுலபம். ‘இன்றைக்கும் கச்சான்’ என்று டயரியில் போட்டால் வேலை முடிந்தது. கீறுவதென்றால் அப்படி விடாது. காற்றுக்கு உருவமில்லை, அது பிடித்து ஆட்டுகிற சாமான்களுக்குத்தான் உண்டு. கொடியில் காயும் சாரம் எந்தப் பக்கம் பறக்க வேண்டும்? கச்சான் தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அப்படியானால் சாரம், தென்னோலை, றோட்டில் போகிற பெண்ணின் குடை எல்லாமே கிழக்கே சாய வேண்டும். எதிர்க்காற்றில் சயிக்கிள் உழக்கி வருகிறவர் ஹாண்டிலோடு படுத்துவிட வேண்டும். இத்தனை வருடமும் திருகோணமலை லிங்கநகரில் இருந்துகொண்டு இந்தக் காற்றைத் திட்டியிருக்கிறேனே தவிர, திசை பார்த்ததில்லை.

நாட்குறிப்பைப் படக்கதையாக வைப்பதற்குப் பெரிய ஆயத்தம் ஒன்றும் வேண்டாம். சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம், அடிமட்டம் வைத்துக் கீறிய நாலு கட்டம், ஒரு கறுப்புப் பேனை. பென்சிலையும் அழிறப்பரையும் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. அழிக்கத் தொடங்கினால் இன்றைய நாள் நாளைக்கும் முடியாது. நான் என்பது ஒரு முட்டைத் தலை, ஒரு கண்ணாடி, நாலைந்து மயிர். தேத்தண்ணியோடு தொடங்கத்தான் கை போகும். எல்லா நாளும் தேத்தண்ணியோடுதான் தொடங்குகிறது என்பதால் அதை விட்டுவிடுவேன். எதை விடுவது என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

எழுத்து டயரியில் தீர்ப்புச் சொல்வது லேசு. ‘கந்தோரில் சரியான எரிச்சல்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். எரிச்சலைக் கீற முடியாது. யார் எங்கே நின்றார், மேசையில் என்ன கிடந்தது, என் கை எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டும். கீறி முடித்துப் பார்த்தால், நாலு கட்டத்திலும் பெரிதாகத் திறந்திருப்பது என்னுடைய வாய்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்காரரான ஜேம்ஸ் கொச்சால்கா 1998 ஒக்ரோபர் 26இல் தொடங்கி 2012 டிசெம்பர் முடியும்வரை இப்படித் தன் நாட்களை வரைந்தவர். தொடரின் பெயர் ‘அமெரிக்கன் எல்ஃப்’. தன்னைக் கூர்க்காதும் தள்ளிய பல்லுமாகப் போட்டுக்கொண்டார். மனைவி, பூனை, பிறகு பிள்ளைகள். பெரிய சம்பவம் எதுவும் இருக்காது. தனியாக ஒரு நாளை எடுத்துப் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும். நான் அதை ஒளிக்கமாட்டேன். ஒரே மூச்சில் ஒரு வருடத்தைப் புரட்டினால் ஒரு வீட்டுக்குள் குடியிருந்த மாதிரி ஆகிவிடும்.

ஆனாலும் எனக்குக் கிட்டவானவர் மினே ஒகூபோ. 1942இல் அமெரிக்க அரசு மேற்குக் கரையோர ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாம்களில் அடைத்தபோது அவரும் சகோதரரும் அதில் அகப்பட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே, டான்ஃபொரான் குதிரைப் பந்தயத் திடலின் ஒரு குதிரைக் கொட்டில்தான் முதல் வீடு. பிறகு யூட்டாவின் வறண்ட நிலத்தில் டோபாஸ் முகாம். உள்ளே கமரா கூடாது. ஒகூபோ பேனையை எடுத்தார். சாப்பாட்டு வரிசை, தூசிப் புயல், மறைப்பில்லாத குளியலறை எல்லாம் கீறினார். அநேகமாக ஒவ்வொரு படத்திலும் ஏதாவதொரு பக்கத்தில் அவரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். 1946இல் ‘சிட்டிசன் 13660’ என்ற புத்தகமாக வந்தது. 13660 என்பது அவருடைய குடும்பத்துக்கு அதிகாரிகள் கொடுத்த இலக்கம்.

கமராத் தடை திருகோணமலைக்காரருக்கு விளக்க வேண்டிய சங்கதியில்லை. கடற்படைத் தளத்தை ஒட்டி நடந்தவர்களுக்கு அந்தப் பலகைகள் பழக்கம். யுத்த காலத்தில் டயரி எழுதுவதையே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விரும்பவில்லை. சுற்றிவளைப்பு வந்தால் ஒரு பெயருக்கு, ஒரு திகதிக்கு யார் என்ன அர்த்தம் சொல்வார்களோ! பெரிய சம்பவங்கள் எப்படியோ பதிவாகிவிட்டன. என்ன சமைத்தோம், கறன்ட் இல்லாத இரவில் யார் யார் முற்றத்தில் இருந்து கதைத்தார்கள் என்பதைத் தேடினால் எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது அதுதான்.

2022ஐ அப்படிப் போகவிட மனமில்லை. மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. பெற்றோலுக்கு வரிசை. எங்கள் சீனக்குடாவிலோ பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அவற்றில் 61ஐ இந்தியாவோடு கூட்டாக நடத்துவதற்கு அந்த ஜனவரியில்தான் ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். நான் கீறிய பக்கத்தில், முதல் கட்டத்தில் தாங்கிகள் வரிசையாக. இரண்டாவதில் மோட்டார் சயிக்கிள்கள் வரிசையாக. மூன்றாவதில் எங்கள் ஊர் றோட்டில் உலாவும் புள்ளிமான் ஒன்று வரிசைக்குள் புகுந்து வாழைப்பழத் தோல் தின்கிறது. நாலாவதில் மான் போய்விட்டது; வரிசை அப்படியே நிற்கிறது. இப்படித் தன்னையும் சேர்த்துச் சிரிக்க எங்களைப் பழக்கியவர் ‘சிரித்திரன்’ சஞ்சிகைக்குக் கேலிச்சித்திரம் கீறிய சுந்தர். அவருடைய சித்திரங்களில் வரும் சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும் வாய் திறந்தால் ஊரே கதைப்பது மாதிரி இருக்கும். பலூனுக்குள் பேச்சுத் தமிழை அப்படியே விடலாம் என்ற துணிவு எனக்கு அங்கிருந்து வந்தது.

வீட்டில் எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கொப்பி ஒருநாள் அம்மாவின் கையில் அகப்பட்டது.

“என்ர மூக்கு இவ்வளவு பெரிசே?”

“படத்துக்கு அப்படித்தான் அம்மா.”

“கோயிலுக்குப் போகேக்க நல்ல சீலை கட்டியிருந்தனான். அதைக் கீறேல்ல. அடுப்படியில நிக்கிறது மட்டும் உனக்குக் கண்ணில படுது.”

நியாயமான கேள்வி. என்னைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. அம்மா அப்படி எதுவும் எழுதித் தரவில்லை. கொச்சால்காவின் வீட்டில் இதை எப்படிச் சமாளித்தார்களோ, நாங்கள் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். அம்மா வருகிற பக்கத்தை அன்றிரவே அவரிடம் காட்ட வேண்டும். வேண்டாமென்றால் அந்தக் கட்டத்தை முழுக்கக் கறுப்பாக்கிவிடுவேன். மூக்கை ஒருவழியாக மன்னித்துவிட்டார். இப்போது சண்டை வசனத்துக்கு. “நான் இப்பிடிச் சொல்லேல்ல” என்று என் பேனையை வாங்கி, பலூனில் இருந்ததை வெட்டிவிட்டுத் தான் சொன்னதைத் தானே எழுதுகிறார். பலூன் அவருக்குப் போதாது. வசனம் கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய், என் முட்டைத் தலைக்கு மேலால் ஓடி, பக்கத்தின் ஓரத்தில் முட்டி நிற்கிறது. மிச்சத்தை மற்றப் பக்கத்தில் எழுதட்டாம்.