ராவணா-1 ஏறிப்போன பெட்டி

ராவணா-1 விண்வெளிக்குப் போன கதை நமக்கெல்லாம் தெரியும். அது ஏறிப்போன பெட்டி என்னாச்சு என்று யாராவது கேட்டோமா?

2019 ஏப்ரல் 17. அமெரிக்காவின் வொலப்ஸிலிருந்து சிக்னஸ் என்ற சரக்குக் கலம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பியது. சாமானோடு சாமானாக நம்ம நாட்டின் ஒரு கிலோ செய்மதியும் அதில் போனது. நாலாம் நாள் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. பிறகு வானத்தைப் பார்க்கிற மனநிலையில் இங்கே யார் இருந்தார்? ஜூன் 17இல் ராவணாவை நிலையத்திலிருந்து வெளியே விட்டார்கள். சிக்னஸ் குப்பையை ஏற்றிக்கொண்டு கழன்று, டிசம்பரில் காற்றுமண்டலத்தில் எரிந்து முடிந்தது. அதன் வேலையே அதுதான், ஒரே ஒரு பயணம்.

இதை வைத்து நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க வாய்த்தர்க்கப்பட்டோம். வெறும் சோடாப் போத்தலைக் கடையில் கொடுத்துப் போத்தல் காசை வாங்குற கம்பளைக்காரருக்கு இது பொறுக்குமா?

திரும்பி வந்த பெட்டிகளும் இருந்தன. இத்தாலிக்காரர் டூரின் நகரில் செய்த மூன்று: லெயொனார்டோ, ரஃபாயெல்லோ, டொனாட்டெல்லோ. ஆறரை மீற்றர் நீளம், ஒன்பது தொன் வரை சரக்கு பிடிக்கும். அமெரிக்க ஷட்டிலின் வயிற்றில் வைத்துக் கொண்டுபோய், இயந்திரக் கையால் தூக்கி நிலையத்தில் பொருத்துவார்கள். உள்ளே காற்று உண்டு. விண்ணுடை போடாமலே, பக்கத்து அறைக்குப் போற மாதிரிப் போய் சாமான் இறக்கலாம். பிறகு முடிந்த பரிசோதனை, பழுதான கருவி, குப்பை எல்லாம் ஏற்றி, திரும்ப ஷட்டிலுக்குள். லெயொனார்டோ 2001 மார்ச்சில் முதலில் போனது.

2011இல் ஷட்டில் நின்றது. பெட்டியில் பழுதில்லை, ஏற்ற லொறிதான் இல்லை. வெறும் போத்தல் எடுக்க லொறி வராவிட்டால் முதலாளி என்ன செய்வார்? லெயொனார்டோவை அந்த ஆண்டே நிலையத்தில் களஞ்சிய அறையாக விட்டுட்டாங்க. ரஃபாயெல்லோ ஜூலையில் கடைசி ஷட்டிலோடு போய் வந்தது. டொனாட்டெல்லோ ஒரு தடவைகூடப் பறக்கவில்லை, பாவம்.

சிக்னஸின் சரக்கு அறையும் அதே டூரினில்தான் செய்யப்படுகிறது, இந்தத் தடவை எரிவதற்கென்றே. அதிலும் நியாயம் இருக்கு: வெப்பக் கவசம், பரசூட் என்று சுமக்கிற ஒவ்வொரு கிலோவும் சரக்கிலே குறையும். ஆனால் விஞ்ஞானிக்கு வேண்டிய மாதிரிகள் குப்பையோடு எரியக்கூடாதே. அதனால்தான் கடலில் இறங்கி மறுபடி பறக்கிற டிராகன் தேவைப்படுகிறது.

நம்ம பிள்ளைகள் அடுத்ததாக ஏதாவது அனுப்பினால், அது எதில் ஏறும் என்று பேப்பர்கள் எழுதும். எதில் இறங்கும் என்று நாங்கள் கேட்போம்.