ரோலர் மேல் ஓட்டியவன்

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் அமெரிக்காவில் டீசல் டெஸ்ட் மோசடியில் மாட்டியதிலிருந்து, எமிஷன் லேபில் டிரைவராக இருந்தேன் என்று சொன்னாலே ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள். ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை. “லேபில் பாஸ், ரோட்டில் நஞ்சு, அப்படி என்னதான் அளந்தீங்க?” எந்த விநாடியில் என்ன வேகம் என்று வகுத்து எங்கள் கையில் கொடுத்த டிரைவிங் சைக்கிளை ஓட்டி அளந்தோம். பிசகாமல் அளந்தோம்.

வண்டி ரோலர் மேல் நிற்கும், எதிரே திரையில் அந்த சைக்கிளின் வேகக் கோடு நகரும். வண்டியின் வேகம் அதை விட்டு மணிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. மொத்தம் 1180 விநாடி. எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் தடித்த சோல் வைத்த ஷூவோடு சீட்டில் ஏறவே விடமாட்டார். கோட்டின் மூன்றாவது மேட்டில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். 50-இல் ஓடும் வண்டியை 8 விநாடியில் 35-க்கு இறக்கி, அங்கேயே பிடிக்க வேண்டும். பிரேக் கொஞ்சம் அழுந்தினால் 32-க்குப் போய்விடும். பதறி ஆக்சிலரேட்டரை மிதித்தால் நாக்ஸ், அதாவது நைட்ரஜன் ஆக்சைடு, கோடு சட்டென்று எழும்பும். அவர் திட்டமாட்டார், சார்ட்டில் அந்த இடத்தை விரலால் தட்டுவார், அவ்வளவுதான். அந்த மேடு ஒரு டெஸ்டில் நாலு முறை வரும். நாலும் ஒன்றுபோல் விழும்வரை கையெழுத்துப் போடமாட்டார். இப்போது பல லேப்களில் ரோபோ ஓட்டுகிறது. கோடு பிசகாது, இன்ஜெக்டர் சத்தம் மாறுவதும் அதன் காதில் விழாது.

ஆனால் அந்த சைக்கிள் டீசலை வேலை வாங்கவே இல்லை. நின்ற வண்டி 50-ஐத் தொட 26 விநாடி! ஜிஎஸ்டி ரோட்டில் அப்படி ஓட்டினால் பின்னால் வரும் பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார். ஐரோப்பாவில் 120 வரை போன சைக்கிளை நம் ஊரில் 90-இல் நிறுத்தினார்கள். ஏசி கிடையாது. லோடு இல்லாமல் சிலிண்டரில் சூடு ஏறாது. சூடு ஏறாமல் நாக்ஸ் பெருகாது. அந்த நிதானத்தில், கழிவுப் புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி நாக்ஸைக் குறைக்கும் இ.ஜி.ஆர். வால்வும் தாராளமாகத் திறக்கும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலை ஏறும்போது, இழுவைக்காக இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ அதே வால்வை மூடிவிடும். இதற்கு மோசடி சாஃப்ட்வேரே தேவையில்லை. ஃபோக்ஸ்வாகன் அதற்கும் மேலே போய், ஸ்டீயரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறதா என்று பார்த்து டெஸ்டை அடையாளம் காண வைத்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் கருவியை வண்டியிலேயே ஏற்றி ரோட்டில் அளந்தபோது, ஒரு காரில் நாக்ஸ் வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு இருந்தது.

இங்கே இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்து ரோட்டில் அளப்பதும் சட்டமாகிவிட்டது. வரவேற்கிறேன். ஆனால் அது கம்பெனிக்கு. வண்டி நம் கைக்கு வந்த பிறகு இருப்பது புகை சர்டிபிகேட் ஒன்றுதான். டீசல் வண்டியை நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, புகையின் கருமையை மட்டும் பார்க்கிறார்கள். நாக்ஸ் அந்த மெஷினுக்குத் தெரியாது. இ.ஜி.ஆர். கரி பிடிக்கிறது என்று இன்றைய மெக்கானிக் பையன்கள் கழற்றிச் சுத்தம் செய்யச் சோம்பி, தகடு வெட்டி அடைக்கிறார்கள். எச்சரிக்கை லைட் எரியாமலிருக்க ஈசியூ சாஃப்ட்வேரை மாற்றி ரீமேப்பும் செய்துவிடுகிறார்கள். பிக்கப் கூடியதென்று ஓனருக்கும் சந்தோஷம். நாக்ஸ் எகிறும், புகையோ குறையும். அதனால் அந்த வண்டி டெஸ்டில் முன்பைவிட நன்றாகவே பாஸ் ஆகும். பானெட்டைத் திறந்து தகடு இருக்கிறதா என்று பார்க்கிற புகை சென்டர் ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை.